அத்தியாயம் 7: ஒரு பகலில் ஐம்பது வயது

கடையிலிருந்து இறங்கிய ட்ரங்குப் பெட்டி ஒன்று உங்கள் முன்னால் இருக்கிறது. தகடு கண்ணைக் கூசுகிறது. கொக்கியில் ஒரு கீறல் கிடையாது. கதைப்படி அந்தப் பெட்டியை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் 1974-இல் வாங்கினார். இன்றைக்கு அவருடைய பேத்தி பரணிலிருந்து அதை இறக்கித் திறக்கிறாள். நாளை மறுநாள் படப்பிடிப்பு. உங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு பகல்.

கலைத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பழுப்பு நிற ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி, பெட்டியைச் சுற்றிவந்து ஒரு கை அடித்துவிடுகிறார்கள். பெட்டி பழுப்பாகிறது, பழசாவதில்லை. படம் பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் அது பரணில் கிடந்த பெட்டி இல்லை என்று மட்டும் பட்டுவிடும்.

காரணம் ஸ்ப்ரேயின் பிறவிக் குணத்தில் இருக்கிறது. 1949-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் என்பவர் பெயிண்டை அழுத்தத்தோடு டப்பாவில் அடைத்தார். ரேடியேட்டர்களுக்குப் பூசும் அலுமினியப் பெயிண்டுக்காகச் செய்தது அது. அன்றிலிருந்து இன்றுவரை ஸ்ப்ரேயின் பெருமை, பிரஷ் தடம் தெரியாமல் எங்கும் ஒரே கனத்தில் படிவது. காலம் அப்படிப் படிவதே இல்லை. ஓர் இடத்தில் தின்கிறது, ஓர் இடத்தில் சேர்க்கிறது, பக்கத்திலேயே ஓர் இடத்தை அப்படியே விட்டுவைக்கிறது. சமமாகப் படியும் ஒன்றைச் சமமில்லாமல் படியவைப்பதுதான் இங்கே வேலை. அடிப்பது பாதி, துடைத்தெடுப்பது பாதி.

முதலில் பொருளின் வாழ்க்கை

டப்பாவைத் தொடும் முன் ஒரு தாளை எடுத்து நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். கை எங்கே பட்டது? தண்ணீர் எங்கே நின்றது? வெயில் எந்தப் பக்கம் அடித்தது? தூசி எங்கே தங்கியது?

நம் வாத்தியார் பெட்டிக்குப் பதில்களைப் பார்ப்போம். கை பட்ட இடங்கள் கைப்பிடி, கொக்கி, மூடியின் முன்விளிம்பில் இரண்டு கட்டை விரல்கள் வைக்கும் இடம். அங்கே பெயிண்ட் தேய்ந்து தகடு தெரியும். அழுக்கு சேராது, மழமழப்புதான் ஏறும். தண்ணீர் நின்ற இடம் அடிப்பக்கம். வீட்டைக் கழுவிவிட்ட ஒவ்வொரு முறையும் பெட்டிக்கடியில் ஈரம் தங்கியிருக்கும். ஆகவே துரு அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஏறும், மூலைகளில் இன்னும் கொஞ்சம் மேலே. பரணில் வெயில் இல்லை. ஆனால் பரணுக்குப் போகும் முன் இருபது வருடம் ஜன்னலோரம் இருந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் வெளிறியிருக்கும். தூசி மூடியின் மேல். அந்த மூடியின் மேல் ஒரு காலத்தில் குத்துவிளக்கோ செம்போ வைத்திருந்தால் அதன் வட்டம் தெரியும். உள்ளே? உள்ளே பெயிண்ட் இன்னும் புதுசாகவே இருக்கும். பேத்தி மூடியைத் திறக்கும்போது, வாங்கியபோது பெட்டிக்கு இருந்த பச்சை நிறம் திடீரென்று தெரிவது காட்சிக்கே பெரிய பலம். உள்பக்கத்திலும் அழுக்கு அடித்துக் கெடுத்துவிடாதீர்கள்.

கற்பனையை நம்பாமல் கண்ணால் பாருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு பகல் நின்றால், புத்தகங்கள் சொல்லாததைப் பித்தளையும் பீங்கானும் எனாமலும் சொல்லித்தரும். போக முடியாதவர்கள் தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். துருவைக் கிட்டத்தில் படம் எடுங்கள். அதில் ஒரே நிறம் இருக்காது. நடுவில் கருஞ்சிவப்பு, அதைச் சுற்றிச் செங்கல் நிறம், விளிம்பில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு, அங்கிருந்து கீழே மெல்ல வழிந்த ஒரு கறை. இந்த நான்கும் இல்லாத துரு, திரையில் சாக்லேட் பூச்சாகத்தான் தெரியும்.

பெரிய படங்களும் இதே வழியில்தான் போயின. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு முன்பு, விண்வெளிப் படங்களில் கப்பல்கள் பெரும்பாலும் கழுவித் துடைத்த வெள்ளையாகவே இருந்தன. ஜார்ஜ் லூகாஸ் தன் உலகம் புழங்கிய உலகமாக இருக்க வேண்டும் என்று கேட்டார். செட் அலங்காரத்தைக் கவனித்த ரோஜர் கிறிஸ்டியன் பழைய விமானங்களின் கழிவுப் பாகங்களை வாங்கி செட்டில் பொருத்தினார். ரோபோக்களின் உடம்பில் எண்ணெயும் கீறலும் ஏறின. அந்த ஆண்டின் கலை இயக்க ஆஸ்கர் அந்தக் குழுவுக்குப் போனது. நம் பக்கத்தில் 'நாயகன்' (1987) இருக்கிறது. தோட்டா தரணி பம்பாய் தாராவியைச் சென்னையில் செட்டாக எழுப்பினார், தேசிய விருதும் பெற்றார். அந்தப் படத்தை இன்னொரு முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சுவர், தகரம், சாக்கு, வாசற்படி என ஒவ்வொன்றிலும் யாரோ குடியிருந்த தடம் இருக்கும்.

கையில் வேண்டியவை

எல்லாம் மேட் ஆகத்தான் இருக்க வேண்டும்; பளபளப்புப் பூச்சு ஒரு டப்பா கூட வேண்டாம். காவி, பழுப்பு, மணல் நிறம், சாம்பல் போதும். கறுப்பைத் தள்ளிவையுங்கள். அழுக்கு கறுப்பாக இருப்பது மிக அரிது. சமையலறைக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும்கூடக் கிட்டத்தில் பார்த்தால் கருஞ்செம்பழுப்புதான்.

டப்பா ஸ்ப்ரேயை விட எனக்கு அதிகம் உதவியது செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஐம்பது ரூபாய் பாட்டிலும், தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கை பம்பும்தான். அதில் தண்ணீரோடு பெயிண்ட் கடை ஸ்டெய்னரைக் கலந்துகொள்ளலாம். பர்ன்ட் அம்பர், ரா அம்பர், யெல்லோ ஆக்கர் ஆகிய மூன்றும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டால் கலவை முத்து முத்தாக நிற்காமல் பரவும். கூடவே ஹேர் ஸ்ப்ரே, கல்லுப்பு, முல்தானி மட்டி, பழைய பனியன் துணி, ஸ்பாஞ்சு, பல் தேய்க்கும் பிரஷ், உப்புத்தாள்.

தூரமும் ஒரு கருவிதான். ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில், அதாவது 25 முதல் 30 சென்டிமீட்டரில் அடித்தால் பெயிண்ட் ஈரமாக விழுந்து ஒட்டும். அதே டப்பாவை முக்கால் மீட்டருக்கு மேல் தூக்கிப் பிடித்து அடித்தால் துளிகள் வழியிலேயே பாதி காய்ந்து, பொடியாக இறங்கும். மணல் நிற மேட் ஸ்ப்ரேயை இப்படி மேலிருந்து அடித்தால் பெட்டியின் மூடி மேலும் விளிம்புகள் மேலும் மட்டும் தூசி உட்கார்ந்தது போல இருக்கும், பக்கவாட்டில் ஏறாது. மூக்கை முழுக்க அழுத்தாமல் அரைகுறையாக அழுத்தினால் பல டப்பாக்கள் பொட்டுப் பொட்டாகத் துப்பும். ஈ உட்கார்ந்த புள்ளிகளுக்கு அது நல்ல உத்தி. முதலில் அட்டையில் அடித்துப் பாருங்கள்.

பெட்டி வேலை

ட்ரங்குப் பெட்டிகளை இப்போது பெரும்பாலும் துத்தநாகம் பூசிய தகட்டில் செய்கிறார்கள். அதன் மேல் பெயிண்ட் எளிதில் பிடிக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, 320 எண் உப்புத்தாளால் தேய்த்து, எட்ச் பிரைமர் ஒரு கோட் கொடுங்கள். இதைத் தவிர்த்தால், பெயிண்ட் நீங்கள் நினைத்த இடத்தில் உரியாமல் நடிகரின் கையோடு தோலாக வரும்.

அதன் மேல் ரெட் ஆக்சைடு. கிரில் கேட்டுக்கு அடிக்கும் அதே ரெட் ஆக்சைடு பிரைமர்தான் நமக்குத் துருவின் அடிநிறம். காய்ந்ததும் ஸ்பாஞ்சில் பர்ன்ட் அம்பர் தொட்டு ஒற்றி, அங்கங்கே ஆரஞ்சு ஒற்றி, மேலே சொன்ன நான்கையும் வரவழையுங்கள். பெட்டி முழுக்க வேண்டாம். துரு வெளியே தெரியப்போகும் இடங்களில் போதும்.

இப்போது முக்கியமான அடுக்கு. ஹேர் ஸ்ப்ரேயைத் துரு நிறத்தின் மேல் இரண்டு கோட் அடித்துக் கால் மணி நேரம் காயவிடுங்கள். தலைமுடியைப் பிடித்து நிறுத்தும் அந்தப் பசை தண்ணீரில் கரைவது. அதனால்தான் இந்த உத்தியே நடக்கிறது. பெட்டியின் அடிப்பக்கத்தில் மட்டும் வேறு வழி: தண்ணீர் தெளித்து, ஈரத்தின் மேல் கல்லுப்பைக் கையால் தூவிக் காயவையுங்கள். பெரிய கல்லும் பொடியும் கலந்திருந்தால் நல்லது. மேஜை உப்பு ஒரே அளவாக இருப்பதால் புள்ளி வைத்த துணி மாதிரி ஆகிவிடும்.

இதற்கு மேல் வாத்தியார் வாங்கிய அந்தப் பச்சை. தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் எமல்ஷனை மெல்லியதாகக் கரைத்து, ஸ்ப்ரே கன்னில் இரண்டு இளம் கோட் அடியுங்கள். எனாமலோ தின்னர் கலந்த டப்பா ஸ்ப்ரேயோ ஹேர் ஸ்ப்ரேயின் மேல் கூடாது. அவற்றைத் தாண்டித் தண்ணீர் உள்ளே இறங்காது. அடியில் இருக்கும் பசை கரையாது. உப்பு போட்ட இடத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஏனென்றால் அங்கே உரிப்பது உங்கள் கைதான்.

தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் உடனே உரிக்கத் தொடங்குங்கள். மறுநாள் வரை தள்ளிப்போட்டால் பிடிவாதம் பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷை நனைத்து, துரு தெரிய வேண்டிய இடங்களில் வைத்து அரை நிமிடம் பொறுத்துத் தேயுங்கள். பச்சை பொரிந்து கிளம்பும், அடியில் துரு தெரியும். உப்பு இருக்கும் இடத்தைக் கட்டை விரலால் உருட்டித் தேய்த்துக் கழுவுங்கள். சற்றுக் குறைவாகவே உரிந்திருக்கிறது என்று தோன்றும்போது நிறுத்திவிடுங்கள். இன்னும் உரிப்பது எப்போதும் கையில் இருக்கிறது, ஒட்டவைப்பது இல்லை.

காய்ந்தபின் மேட் கிளியர் ஒரு கோட் கொடுத்து எல்லாவற்றையும் பூட்டுங்கள். பிறகு பம்பில் பர்ன்ட் அம்பர் தண்ணீர். கொக்கி, கீல், மடிப்பு ஆகிய இடங்களில் தாராளமாக அடித்து, பத்து எண்ணுவதற்குள் துணியால் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் இருப்பது தங்கும், மேட்டில் இருப்பது போய்விடும். அழுக்கு தானாகச் சேரும் முறையும் அதுவே. கடைசியாக மேலிருந்து மணல் நிறத் தூவல். அதற்கு முன் மூடியின் மேல் ஒரு செம்பை வைத்துக்கொண்டு தூவுங்கள், எடுத்தால் வட்டம் கிடைக்கும். படப்பிடிப்புத் தளத்தில் முல்தானி மட்டியை மெல்லிய துணியில் கட்டித் தட்டினால், பேத்தி கையால் துடைக்கும்போது கையோடு வரும் தூசியும் தயார். உலகமெங்கும் சினிமாத் தளங்களில் தூசிக்குப் பயன்படும் பொருள் இதே மண்தான்.

நிஜத் துருவே வேண்டுமென்றால்

பொருள் வெறும் இரும்பாக இருந்தால் மட்டுமே இது நடக்கும். துத்தநாகத் தகட்டிலும் அலுமினியத்திலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். இரும்பை உப்புத்தாள் போட்டு எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கழுவி, முதலில் வினிகர் தெளித்துக் காயவிடுங்கள். பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு அரை லிட்டர், வினிகர் 60 மில்லி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி கலந்து தெளியுங்கள். மருந்துக் கடையில் 20 வால்யூம் என்று கிடைப்பது ஏறக்குறைய 6 சதவீதம். அதில் சம அளவு தண்ணீர் சேர்க்க வேண்டும். தெளித்த சில நிமிடங்களில் இரும்பு நுரைத்துச் சிவக்கும். வெயிலில் காயவைத்து மூன்று நான்கு முறை தெளித்தால் உண்மையான துரு பொடியாகவே நிற்கும்.

இந்தக் கலவையை மூடிய பாட்டிலில் ஒருபோதும் எடுத்துவைக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் கலந்து, திறந்தவெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அடித்து, மிச்சத்தை நிறையத் தண்ணீர் விட்டு ஊற்றிவிடுங்கள். ப்ளீச்சிங் பவுடரோ ப்ளீச் திரவமோ இதன் பக்கத்திலேயே வரக்கூடாது. அது வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

சென்னைக் காற்று

மழைக்காலத்தில் சென்னையில் லாக்கர் வகை ஸ்ப்ரே அடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: கிளியர் கோட் அடித்த சில நிமிடங்களில் மேற்பரப்பு பால் தெளித்தது போல வெளுக்கிறது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ச்சியில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. பெயிண்ட் கெட்டுவிட்டது என்று டப்பாவைத் தூக்கிப்போட வேண்டாம். மெல்லிய கோட்டாக, காலை பத்து மணிக்கு மேல், காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். ஸ்ப்ரே கன்னில் அடிப்பவர்கள் மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரைச் சேர்க்கலாம். வெளுத்ததன் மேலும் ரிட்டார்டரை லேசாகத் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வெயில் படாத பழைய கண்ணாடி, மரப்பாச்சி போன்றவற்றுக்கு இந்த வெளுப்பை வேண்டுமென்றே வரவழைத்து, மங்கலுக்குப் பயன்படுத்துபவர்களும் உண்டு.

சுவர்

செட்டின் சுவர் பிளைவுட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுமாக இருக்கும். அதில் மழை ஒழுகிய கறை வேண்டுமென்றால் பிரஷால் கோடு இழுக்காதீர்கள். சுவரை முதலில் வெறும் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, ஜன்னல் மூலை, ஆணி, குழாய் வெளியே வரும் ஓட்டை ஆகிய இடங்களில் மட்டும் ஸ்டெய்னர் தண்ணீரைப் பம்பில் அடியுங்கள். உடனே அதற்கு மேலே வெறும் தண்ணீரை அடித்தால் கறை தானே வழியைத் தேடி இறங்கும். கீழிருந்து மேலே ஏறும் ஓதம் வேறு மாதிரி. அதற்கு அடிச்சுவரில் அடித்து, மேல்விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் அலை அலையாகக் கரைத்துவிடுங்கள். அந்த விளிம்பின் மேல் வெள்ளை டிஸ்டெம்பரைத் தூரத்திலிருந்து பொடியாகத் தூவினால் உப்புப் பூத்தது போல இருக்கும். மனிதர்கள் சாய்ந்து உட்கார்ந்த திண்ணைச் சுவரில் தலை உயரத்தில் எண்ணெய்க் கறை வட்டமாக இருப்பதையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டு வீட்டை அது ஒரு நொடியில் சொல்லிவிடும்.

கடிதம், ரசீது போன்ற தாள்களுக்குக் கெட்டியான தேநீர் டிகாஷன் போதும். தாள் ஓரத்திலிருந்துதான் பழுக்கும், காற்றும் வெளிச்சமும் முதலில் தொடுவது ஓரத்தை என்பதால். ஆகவே கட்டாக அடுக்கி ஓரத்தில் மட்டும் தெளித்துவிட்டு, பிறகு பிரித்து லேசாக ஒரு தூவல். பேனா மை கரையும். எழுத்தைக் கடைசியில் எழுதுங்கள்.

தெர்மகோல் மீது தின்னர் கலந்த எந்த ஸ்ப்ரேயும் நேராகப் படக்கூடாது. நான் வேலை கற்ற காலத்தில், இரவெல்லாம் செதுக்கிய ஒரு கோயில் தூணின் மேல் சாம்பல் நிற டப்பா ஸ்ப்ரேயை அடித்தேன். பத்து நிமிடத்தில் யாளியின் முகம் உள்வாங்கிக் கரைந்தது. விடியற்காலை ஆறு மணிக்குப் படப்பிடிப்பு. அந்தத் தூணைக் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திருப்பிவைத்தோம். தெர்மகோலுக்கு முதலில் ஃபெவிகால் கலந்த எமல்ஷன் இரண்டு கோட், இடுக்குகளிலும் விடாமல். அதன் பிறகே மற்றது.

மூச்சும் நெருப்பும்

மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்கும் பழக்கத்தை இந்தத் தொழில் கைவிட வேண்டும். துண்டும் என்95 முகக்கவசமும் துகளைத்தான் தடுக்கும். தின்னரின் ஆவி அதற்குள் நேராக நுழையும். ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் பொருத்திய கவசம்தான் வேண்டும். நுரையீரல் முழு வாழ்க்கைக்கும் ஒன்று. முல்தானி மட்டி தூவும்போதும் என்95 போடுங்கள். நடிகரும் லைட்மேனும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

டப்பாவுக்குள் பெயிண்டை உந்தித் தள்ளுவது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன். சமையல் எரிவாயுவும் இதேதான். எரியும் லைட்டின் அருகிலோ, யாராவது பீடி பிடிக்கும் இடத்திலோ அடிக்காதீர்கள். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்கக்கூடாது என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். மே மாத வெயிலில் மூடி நிறுத்திய புரொடக்ஷன் வேன் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும்.

கேமராவுக்கு முன்னும் பின்னும்

வேலை முடிந்ததும் பெட்டியை வெயிலில் வைத்துப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். காட்சி எந்த வெளிச்சத்தில் வருகிறதோ அதே வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு அளவாகத் தெரியும் அழுக்கு, தூரக் காட்சியில் காணாமல் போகும், குளோசப்பில் இரட்டிப்பாகும். பெட்டியின் ஆறு பக்கங்களையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1974-இல் பெட்டி வாங்கும் காட்சியை, பேத்தி திறக்கும் காட்சிக்கு அடுத்த வாரம் எடுப்பார்கள். புதுப் பெட்டி ஒன்றைத் தனியே ஒதுக்கிவைப்பது உங்கள் பொறுப்பு.

வாடகைக்கு எடுத்த பொருளில் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஒரு பழைய மர்ஃபி ரேடியோவோ பித்தளை அண்டாவோ உண்மையிலேயே அறுபது வருடம் வாழ்ந்துவிட்டு வந்திருக்கிறது. அதில் வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசினால், துடைத்தால் போய்விடும் டல்லிங் ஸ்ப்ரே ஒரு கோட் போதும். அதையும் யாருக்கும் தெரியாத ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு அடியுங்கள். அழுக்கு வேண்டுமென்றால் முல்தானி மட்டி. பேக்கப் சொன்ன உடனே லாரியில் ஏற்றிவிடாமல், அன்று இரவே மெல்லிய துணியால் துடைத்து, வந்தது போலவே திருப்பிக் கொடுங்கள்.